அறுபத்தோராவது நிமிடம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் உயிரோடும் பசியோடும் இருக்கிறேன். நீயும் மாமாவும் எப்படி? உன் தும்மல் நின்றதா? பல் செட் பட்டறையில் பறக்கிற அந்த வெள்ளைத் தூளுக்கு மூக்கில் துணி கட்டிக்கொள் என்று எத்தனை தரம்தான் எழுதுவது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். விடுதிக்கு இருப்பது ஒரே போன். அது மேலாளரின் மேசை மேல் இருக்கிறது. அவர் காதும் அங்கேயே இருக்கிறது. இதில் எழுதப்போவது அந்தக் காதுக்கு ஆகாது.

முதலில் நல்ல சேதி. இந்தப் பருவம் முழுக்க எங்கள் கிளப்பின் கால்பந்து ஆட்டம் என் வழியாகத்தான் போகிறது. பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "பந்து மொதல்ல ஊசிகிட்ட போகணும். அப்புறம்தான் மத்தவன்." ரெண்டு பேருக்கு நடுவே நூல் கோப்பது மாதிரி பந்தைக் கோத்துவிடுகிறேனாம், ஊசி என்று எனக்குப் பேர் வைத்தவனுக்கு மாலை போடணுமாம். மார்ச்சில் மூன்று வருட ஒப்பந்தம் தருவதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன் டாக்டர் உடம்பைப் பார்ப்பார்.

கெட்ட சேதி அதுதான். என் இடது கணுக்கால் சரியில்லை. ஒரு மாதமாகிறது. காலையில் எழுந்து முதல் பத்தடி வைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. பிறகு சூடேறிப் பழகிவிடும். அறையில் மற்ற மூவரும் எழுவதற்கு முன் நானே இறுக்கிக் கட்டிக்கொண்டு காலுறையை மாட்டிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. நீயும் யாரிடமும் சொல்லாதே. மாமாவிடம்கூட. அவர் ஆடுவது வேறு கிளப்புக்கு. அதுவும் பிப்ரவரி 16 உங்கள் ஊரில் அவர்களோடுதான் எங்களுக்கு ஆட்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 21

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். தும்மல் அப்படியேதான் இருக்கிறது.

உன் காலைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. என் மேசையில் இன்றைக்கு நான்கு பேருடைய வாய் இருக்கிறது. மேல் வரிசை, கீழ் வரிசை, எல்லாம் மெழுகில். அந்த நான்கும் நான் சொன்னபடி கேட்கின்றன. நீதான் கேட்க மாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன், வெளியே ஒரு டாக்டரிடமாவது காட்டு. அப்பா அம்மா இருந்தால் உன் காதைப் பிடித்து இழுத்துப் போயிருப்பார்கள். இப்போது உனக்கு நானும் எனக்கு நீயும்தானே.

உன் மாமாவுக்கும் நேரம் சரியில்லை. முப்பத்து நான்கு ஆகிறது. நீ பந்தைக் கொடுக்கிறவன், அவர் பறிக்கிறவர். ரெண்டும் நடுக்களம்தான் என்றாலும் பறிக்கிற உடம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. மூன்று ஆட்டமாக வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். 'தாழ்ப்பாள்' என்று கூப்பிட்ட அதே ஜனம் 'துருப்பிடிச்ச தாழ்ப்பாள்' என்று கத்துகிறதாம். வலப்பக்கம் திரும்பினால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. காலுறை மாட்ட என்னைக் கூப்பிடுகிறார். இந்தப் பருவத்தோடு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே.

நீ சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நலம். நலம்தான், நம்பு. வெளியூர் டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். பேரை மாற்றிச் சொல்லி, பெயின்ட் அடிக்கிறவன், ஏணியிலிருந்து விழுந்தேன் என்றேன். "ஆறு வாரம் ஏணி ஏறக் கூடாது" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, ஆட்டத்தன்று போட்டுக்கொள்ள ஓர் ஊசி மருந்து எழுதி வாங்கி வந்தேன்.

16ஆம் தேதி ஆட்டம் முடிந்ததும் உன் வீட்டில்தான் சாப்பாடு. அணி பஸ் மறுநாள்தான் கிளம்பும். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்று மாமாவிடம் இப்போதே சொல்லி வை. மூன்று மாடி ஏறி வருகிறவனுக்கு நிறையச் சமைக்க வேண்டும் என்பது உனக்கு.

மாமா உடம்பு தேவலையா? கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று எல்லா நேரமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னை உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிய அன்று நான் வந்திருக்க வேண்டும். பட்டறையில் வேலை அதிகம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உங்கள் மேலாளர் போனில் சொன்னார். கேட்டதைக் கொடுக்கிறார்களா? வலி இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதே, நர்ஸைக் கூப்பிடு.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல். மாமா விசாரித்தார்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு பனியன் அனுப்பியிருக்கிறேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. பனியன் சரியாக இருக்கிறது. நீ எழுதிய கடிதங்களிலேயே இதுதான் சின்னது.

என் காலில் இப்போது இரண்டு தகடும் ஏழு திருகாணியும் இருக்கின்றன. பக்கத்துப் படுக்கைக்காரர் தச்சர். "என் கடைல இதைவிட நல்ல திருகாணி கிடைக்கும், சொல்லியிருக்கலாமே" என்கிறார். சிரித்தால் வலிக்கிறது என்று அவரிடம் கும்பிடு போட்டிருக்கிறேன்.

நீ மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உனக்கு எவ்வளவு தெரிந்ததோ. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அறுபத்தோராவது நிமிடம். அப்போது நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தோம். நடுவட்டத்துக்குப் பக்கத்தில் எனக்குப் பந்து வந்தது. வலது காலால் தட்டி விட்டுவிட்டேன். அது என்னைவிட்டு நாலைந்து அடி தள்ளிப் போய்விட்டது. இடது கால் தரையில் ஊன்றியிருந்தது. மாமா பந்து போன பக்கம் வரவில்லை. சறுக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். சத்தம் எனக்குக் கேட்டது. கம்பளத்தைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி.

நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். விழுந்து கிடந்தபோது மாமா குனிந்து என்னிடம் கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார். எழுந்து கையைப் பிடிக்கிற நிலையில் நான் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்திருப்பார்.

அவர் எப்படி இருக்கிறார்? கடைசியில் நீங்கள் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தீர்களாமே.

பதில் போடு.

தம்பி


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நலமா? நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் விடுதி வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் ஊன்றுகோலைத் தேடுகிறேன். மேலாளருக்கு மட்டும்தான் கடிதம் வருகிறது.

நேற்று டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். "நடக்கலாம். மாடி ஏறலாம். ஓட்டம்னா பஸ்ஸைப் பிடிக்கிற அளவுக்கு ஓடலாம். அதுக்கு மேல இல்ல." நான், "பந்து?" என்றேன். அவர் ஃபைலை மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்து, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இருபத்தேழு வயது, அக்கா. பத்து வருடமாகக் காலையில் எழுந்ததும் இன்றைக்கு எதிரே யார் என்றுதான் யோசித்திருக்கிறேன். இப்போது எழுந்ததும் எதை யோசிப்பது என்று தெரியவில்லை.

கிளப்பில் நல்லவர்கள். சாமான் அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். பந்துகளுக்குக் காற்றடிப்பது, பூட்ஸ் ஆணிகளை இறுக்குவது, சட்டைகளைத் துவைக்க அனுப்பி எண்ணி வாங்குவது. என் எட்டாம் நம்பர் சட்டையை வேறு ஒருவன் போட்டுக்கொண்டு போகிறான். தோளில் கொஞ்சம் பிடிக்கிறது அவனுக்கு.

உன்னிடம் ஒன்று கேட்டு எழுதியிருந்தேன். மேலே மை தெறித்த மாதிரி இருக்கிற இடம் அதுதான். அடித்துவிட்டேன்.

பதில் போடு. நலம் என்று ஒரு வார்த்தையாவது.

தம்பி


ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

உன் நலத்தைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் கேட்கவில்லை.

நான் எழுதுவது உன் அக்காவுக்குத் தெரியாது. உன் கடிதங்களை அவள் படித்துவிட்டுத் தலையணை உறைக்குள் வைக்கிறாள். நான் எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் நீ எதைப் போட்டு மனசுக்குள் உழப்பிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் இது.

உன் இடது கால் சரியில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன் நீங்கள் எல்லாரும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தீர்களே, அப்போது நீ அந்தக் காலைத் தாங்கித் தாங்கி வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஞாபகம் மண்டையில் இருந்திருக்கும். வேகத்தில் நேர்ந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. வேறு யாரையும் இதில் இழுக்காதே.

அவளுக்கு ஒரு வரி ஆறுதலாக எழுது. சரியாகச் சாப்பிடுவதில்லை.

மாமா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன்.

மாமா எனக்கு எழுதியிருக்கிறார். ஆட்டத்துக்கு முன் நான் நொண்டியதைப் பார்த்தாராம். யாரும் சொல்லவில்லையாம். நல்ல மனுஷன். பொய் சொல்லத்தான் வரவில்லை. அன்றைக்கு ஆட்டத்துக்கு முன் நான் மைதானத்துக்கே போகவில்லை, அக்கா. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு, அந்த ஊசியைக் குத்திக்கொண்டு, கணுக்காலைக் கட்டிக்கொண்டிருந்தேன். விசில் ஊதுகிறபோதுதான் ஓடி வந்தேன். ஊசி போட்ட கால் ஒரு மணி நேரம் கல் மாதிரி நின்றது. யாரும் எதையும் பார்த்திருக்க முடியாது.

ஆக, என் கால் விஷயம் தெரிந்தது உலகத்தில் இரண்டே பேருக்கு. நான் உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

அன்று உடை மாற்றும் அறையில் எங்கள் பயிற்சியாளர் பலகையில் கோடு போட்டுக்கொண்டே, "இந்தத் தாழ்ப்பாளை எப்படிடா தொறக்கிறது?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "அவருக்கு வலது பக்கம் திரும்ப முடியாது. இடுப்பு பிடிச்சுக்கும். காலுறைகூட அக்காதான் மாட்டிவிடுது." கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் இரண்டு கோலும் அவருடைய வலது பக்கமாக வந்தவை. இரண்டுக்கும் பந்து கொடுத்தது நான்.

நீ எனக்கு நம்பி எழுதியதை நானும் விற்றிருக்கிறேன். இப்போது நீ எழுது. என்னவானாலும் எழுது.

தம்பி


மே 25

தம்பிக்கு,

நீ நலமா? ஊன்றுகோலை விட்டாயா? இப்போதுதான் இதைக் கேட்க எனக்குத் துணிச்சல் வந்திருக்கிறது.

சொன்னது நான்தான். ஆட்டத்தன்று காலையில். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் கீழே உட்கார்ந்து அவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பாதத்தைக் கையில் பிடித்திருந்தபோது உன் கால் ஞாபகம் வந்துவிட்டது. "அவனுக்கு இடது கணுக்கால் ரொம்ப மோசமா இருக்கு. யாருக்கும் தெரியாது. நீங்க அந்தப் பக்கம் கொஞ்சம் பாத்து ஆடுங்க" என்றேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவர், "சரி, நான் பாத்துக்கறேன்" என்றார். எழுந்து போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

இடைவேளையில் அவருடைய பயிற்சியாளர் எல்லார் முன்னாலும், "மச்சினனுக்கு வழி விடத்தான் வந்தியா? பெட்டியைக் கட்டிக்கோ" என்று கத்தியிருக்கிறார். உங்கள் ஆட்கள் களத்தில் கத்திய கேலியைக் கேட்டிருந்த ஒருவன் எழுந்து காலுறை மாட்டிவிடுவது மாதிரி நடித்துக் காட்டினானாம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் கடைத்தெருவில் இன்னொரு ஆட்டக்காரருடைய மனைவி சொன்னாள். காலுறை விஷயம் மைதானம் வரை எப்படிப் போனது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. உன் கடிதத்தைப் பார்த்த பிறகு விளங்கியது.

ஆனால் ஒன்று. உன்னுடையதையும் அவருடையதையும் ஒரே தட்டில் வைத்து என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்காதே. நீ சொன்னது ஒருத்தரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக. அதில் அவருக்கு அவமானம் வந்தது, கால் போகவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். பல்லைத் தேய்க்கிறதுக்கும் உடைக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாமல் இத்தனை வருடம் நான் இந்தப் பட்டறையில் உட்கார்ந்திருக்க முடியாது.

கிளப்பில் அவருக்கு இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள். சேதி வந்த அன்று இனிப்பு வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். பொட்டலம் பிரிக்காமலே கிடந்து எறும்பு வந்தது. நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். தட்டு வைக்கிறேன், சாப்பிடுகிறார். "சாவி எங்கே", "தண்ணி நின்னுபோச்சு", அவ்வளவுதான் பேச்சு. அவர் காலுறையை அவரே மாட்டிக்கொள்கிறார். ரொம்ப நேரமாகிறது. நான் சமையலறையில் நின்று அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போய் மாட்டிவிட என் கை வரவில்லை. கேட்காமல் இருக்க என் காதும் விடவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே "சரி" என்று எழுதிவிடுவாய். அதனால் எழுதவில்லை.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஊன்றுகோல் போய்க் கைத்தடி வந்திருக்கிறது. விடுதியிலிருந்து மைதானம் வரை நிற்காமல் நடக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? தும்மலுக்கு என்ன செய்கிறாய்?

உன் கடிதம் வந்து மூன்று நாள் உன்மேல் கடுங்கோபத்தில் இருந்தேன். சாமான் அறையில் ஒரு பந்துக்கு அளவு மீறிக் காற்றடித்து வெடிக்க வைத்துவிட்டேன். மேலாளர் ஓடி வந்து, "யாரை நெனச்சுக்கிட்டுப்பா அடிச்ச?" என்றார். "எங்க அக்காவை" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நாலாவது நாள் கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. சொல்லாதே என்றேன், சொன்னாய். அந்த வருத்தம் இருக்கும். எவ்வளவு நாள் என்று தெரியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், நீயும் இரு.

மாமாமேல் இருப்பது வேறு. அதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. இங்கே எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள்: "வேணும்னேதானே உதைச்சான்?" நான் இல்லை என்கிறேன். சொன்ன பிறகு அன்றைக்கெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. பந்து போன பிறகு வந்தார் என்பது எனக்குத் தெரியும். ஏன் வந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அதை அவர் வாயால் கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்டால் மறுபடியும் யாரையாவது காப்பாற்றி ஒன்று எழுதிவிடுவார்.

ஜூலை முதல் ஞாயிறு காலை வருகிறேன். அவரை வீட்டில் இருக்கச் சொல். என்ன கேட்கப்போகிறேன் என்றும் சொல்லிவிடு. இந்த முறை உனக்கு அனுமதி உண்டு.

தம்பி


ஜூன் 28

மாப்பிள்ளைக்கு,

நீ வருவதாக உன் அக்கா சொன்னாள். நான்கு மாதத்தில் அவள் என்னிடம் உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். நீ நடக்கிறாய் என்றும் சொன்னாள். அதுவரைக்கும் சந்தோஷம்.

போன கடிதத்தில் எழுதியது பொய். உனக்குத் தெரிந்துவிட்டது என்றும் தெரியும். நீ கேட்க வருகிறதற்குப் பதிலை இதிலேயே எழுதிவிடுகிறேன். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சாதகமாக ஏதாவது சேர்த்துவிடுவேன்.

பந்து போய்விட்டது எனக்குத் தெரிந்தது. அங்கே மிச்சம் இருந்தது உன் இடது கால் மட்டும்தான். அது எந்தக் கால் என்பதும் தெரிந்தது. ஒரு நொடிதானே என்பார்கள். முப்பத்து நான்கு வயதில் ஒரு நொடி ரொம்பப் பெரியது. நிறுத்தியிருக்கலாம். இடைவேளையில் சிரித்தவர்களை நினைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை. உடையும் என்று நினைக்கவில்லை. வலிக்கட்டும் என்று நினைத்தேன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதை முதலில் உன் அக்காவிடம் சொன்னேன். பேனாவையும் தாளையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன? அவனுக்கு எழுதுங்க. ஒரு வார்த்தை மாத்தாம எழுதுங்க" என்றாள். எழுதியதை வாங்கிப் படித்துவிட்டுத்தான் உறையைக் கொடுத்தாள்.

நான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன். விட்டுவிடுவேன் என்று உனக்கு ஆறுதலுக்காக எழுத மாட்டேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. உனக்கும்தான் தெரியாது, அதை நான் யோசிக்கவில்லை.

இதைப் படித்த பிறகும் நீ வருவதானால் வா. ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து கீழே தெருவாசலில் நிற்பேன். என்னைப் பார்த்துவிட்டு நீ திரும்பிப் போனால் கூப்பிட மாட்டேன். மேலே வருவதென்றால் நீ முன்னால் ஏறு. மூன்று மாடி. எவ்வளவு நேரமானாலும் நான் உனக்குப் பின்னால்தான் வருவேன்.

மாமா